ஒரு ரூபாயில் சேரிக்கு எத்தனை பைசா?

"எங்க வரிப் பணத்துலதானே படிக்கிறீங்க?"

இந்தக் கேள்வியைச் சந்திக்காத தலித் மாணவர் இருக்க முடியாது. உதவித்தொகை இன்னும் வரவில்லை என்று முகநூலில் இரண்டு வரி எழுதினால் போதும், பத்தாவது நிமிடத்தில் பின்னூட்டத்தில் வந்து நிற்கும். கேட்பவருக்குப் பெரும்பாலும் பத்தொன்பது, இருபது வயதுதான் இருக்கும். வருமான வரி அலுவலகம் எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூடத் தெரிந்திருக்காது. ஆனாலும் அந்த 'எங்க' என்ற சொல் வாயில் தடுமாறாமல் வரும். அரசுக் கஜானா அவருடைய தாத்தா வைத்துவிட்டுப் போன பெட்டி, நாம் அதில் கைவிட்டு எடுக்கிறோம் என்று அதற்குப் பொருள்.

உரிமை, சலுகை என்று நம் தோழர்கள் இதற்குச் சொல்லும் பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சரியான பதிலும்கூட. ஆனால் வரி என்று அவர்களே பேச்செடுத்துவிட்ட பிறகு நாம் ஏன் கணக்கை மூடி வைக்க வேண்டும்? திறந்துவிடுவோம். யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள் என்று பார்த்துவிடலாம்.

ஓட்டல் ரசீதிலிருந்து தொடங்குவோம். திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றியோ, ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துப் பக்கமோ ஒரு நடுத்தர ஓட்டலில் 100 ரூபாய்க்குச் சாப்பிட்டால் 105 ரூபாய் கேட்பார்கள். ரசீதின் அடியில் சி.ஜி.எஸ்.டி. 2.50, எஸ்.ஜி.எஸ்.டி. 2.50 என்று இருக்கும். முதலாவது டெல்லிக்கு, இரண்டாவது சென்னைக்கு. ஜி.எஸ்.டி. வந்த 2017 ஜூலையில் ஏ.சி. இல்லாத ஓட்டலுக்கு 12 சதவீதம், ஏ.சி. ஓட்டலுக்கு 18 சதவீதம் என்று வைத்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் அதே ஆண்டு நவம்பர் 15 முதல் 5 சதவீதமாகக் குறைத்தார்கள். குறைத்த கையோடு உள்ளீட்டு வரிக் கழிவையும் எடுத்துவிட்டார்கள். அதாவது வணிக சிலிண்டருக்கு 18 சதவீதம், கடை வாடகைக்கு 18 சதவீதம் என்று ஓட்டல்காரர் ஏற்கெனவே கட்டியதை இனி கழித்துக்கொள்ள முடியாது. அவர் அதைத் தன் பையிலிருந்தா கட்டுவார்? தோசை விலையில் ஏற்றுவார். ரசீதில் தெரிவது ஐந்து ரூபாய். தோசைக்குள்ளேயே மடித்து வைத்திருப்பது தனி.

ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டாத தள்ளுவண்டிக் கடையில் சாப்பிடுபவருக்கு ரசீதும் இல்லை, 5 சதவீதமும் இல்லை. அவர் வரியே கட்டவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கடையின் எண்ணெய்க்கும், சிலிண்டருக்கும், காய்கறி வந்த வண்டியின் டீசலுக்கும் வரி போட்டாகிவிட்டது. விடியற்காலை ஐந்து மணிக்கு வேலைக்கு வந்து, காந்தி மார்க்கெட் வாசலில் நின்றபடி இரண்டு இட்லி சாப்பிடும் தூய்மைப் பணியாளர் அம்மா அந்த இட்லியோடு சேர்த்து வரியும் கட்டுகிறார். அவருக்குத் தெரியாமல் கட்டுகிறார், அவ்வளவுதான். தன் சம்பாத்தியத்தில் பெரும்பங்கைச் சோற்றுக்குச் செலவிடுகிறவர் யாரோ, அவர் சம்பாத்தியத்தில்தான் இந்த மறைமுக வரி ஆழமாக வெட்டும். மாதம் இரண்டு லட்சம் வாங்குபவரும் பத்தாயிரம் வாங்குபவரும் ஒரு பிளேட் பொங்கலுக்குக் கட்டும் வரி ஒன்றே.

ஜி.எஸ்.டி. படிவம் எதிலும் சாதிக்கு என்று ஒரு கட்டம் கிடையாது. வசூலிக்கும்போது நாம் எல்லோரும் இந்தியர்கள், தமிழர்கள். கல்லாப்பெட்டியில் தீட்டு இல்லை. ஆனால் அந்தக் கல்லாப்பெட்டி இருக்கும் இடத்துக்குள் நுழையவே நம் முன்னோர்கள் எவ்வளவு காலம் போராட வேண்டியிருந்தது என்று நினைத்துப் பாருங்கள். ரயில் நிலையச் சாப்பாட்டு அறைகளில் பிராமணர்களுக்கு ஒரு பக்கம், மற்றவர்களுக்கு ஒரு பக்கம் என்ற பிரிவினை 1941 வரை இருந்தது. 'பிராமணாள்' என்ற பெயர்ப்பலகைக்கு எதிராக 1957-இல் பெரியார் திருவல்லிக்கேணியில் முரளி கபே முன் மாதக்கணக்கில் மறியல் நடத்தினார். அதெல்லாம் பழைய கதை என்பவர்களுக்கு ஸ்ரீரங்கத்தைக் காட்டலாம். அதே சொல்லைப் பலகையில் எழுதி வைத்த ஓர் ஓட்டலுக்கு எதிராகத் திராவிடர் கழகம் 2012-இல் போராட வேண்டியிருந்தது. பொது உணவகத்தில் எவரையும் சாதி காட்டித் தடுக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 15(2) சொல்லி அப்போது அறுபதாண்டுக்கு மேலாகியிருந்தது. இன்றும் கிராமங்களில் இரட்டைக் குவளை முழுக்கச் செத்துவிடவில்லை. நகரத்து ஓட்டலிலும் அடுப்படிக்குள் நிற்பவர் எந்தச் சாதி, எச்சில் இலை எடுப்பவர் எந்தச் சாதி என்று ஒரு நாள் விசாரித்துப் பாருங்கள்.

இந்த வரியின் பிறப்பே ஒரு வேடிக்கை. இந்தியாவில் பொது விற்பனை வரியை முதன்முதலில் கொண்டுவந்தது சென்னை மாகாணம்தான். ஆண்டு 1939, முதலமைச்சர் ராஜாஜி. 1937-இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கால் கள், சாராய வருமானம் போய்விட்டது. அந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் விற்பனை வரி. அதே ஆண்டில்தான் கோயில் நுழைவுச் சட்டமும் வந்தது. பொது இடங்களில் தீண்டாமையைத் தடுக்க எம்.சி. ராஜா கொண்டுவந்த சட்டம் அதற்கு முந்தைய ஆண்டு. கோயில் கதவு நமக்குத் திறந்த வேகத்தையும் வரிக் கதவு திறந்த வேகத்தையும் ஒப்பிட்டால் சிரிப்பு வரும். பிறகு 1978-இல் உச்ச நீதிமன்றம், ஓட்டலில் பரிமாறும் சாப்பாடு 'விற்பனை' ஆகாது என்று சொல்லிவிட்டது. அரசுகள் சும்மா இருக்குமா? 1982-இல் அரசியல் சட்டத்தையே திருத்தி (46-ஆவது திருத்தம்) சாப்பாட்டுத் தட்டின் மீதான வரியை மீட்டுக்கொண்டன. நான்கே ஆண்டில் அரசியல் சட்டத் திருத்தம்! மதுவுக்குப் பதிலாக வந்த வரி இருக்கிறது, மதுவும் திரும்பி வந்துவிட்டது. 2023–24-இல் மட்டும் டாஸ்மாக் வழியாக அரசுக்குக் கிடைத்தது 45 ஆயிரம் கோடிக்கும் மேல். அந்தப் பணம் எந்தத் தெருக்களிலிருந்து, எந்த உழைப்பாளிகளின் சட்டைப்பையிலிருந்து வருகிறது என்று நாம் சொல்லி யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

சரி, அந்த ஐந்து ரூபாய் எங்கே போகிறது? பின்தொடர்வோம்.

டெல்லிக்குப் போன 2.50-இல் 41 சதவீதத்தை மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்றது 15-ஆவது நிதிக்குழு. அதாவது ஒரு ரூபாய் இரண்டு காசு. அதில் தமிழ்நாட்டுக்கு அந்தக் குழு வைத்த பங்கு 4.079 சதவீதம். கணக்குப் போட்டால் 4 பைசா! உத்தரப் பிரதேசத்துக்கு 18 பைசா, பீகாருக்கு 10 பைசா. செஸ், சர்சார்ஜ் என்று டெல்லி வசூலிப்பவை இந்தப் பங்கீட்டுக்குள் வராது, முழுவதும் அவர்களுக்கே. சென்னைக்கு நேராக வந்த 2.50-ஐயும் இந்த 4 பைசாவையும் சேர்த்தால் தமிழ்நாட்டின் கையில் 2 ரூபாய் 54 காசு. ரங்கநாதரைச் சேவிக்க வந்த ஆந்திரக் குடும்பமோ வங்காளிக் குடும்பமோ சாப்பிட்டாலும் இதே கணக்குத்தான். பரிமாறிய இடம் எதுவோ அந்த மாநிலத்துக்கே அதன் எஸ்.ஜி.எஸ்.டி. சேரும்.

நாம் கொடுக்கும் ஒரு ரூபாயில் 29 பைசாதான் திரும்பி வருகிறது என்று தமிழ்நாட்டு மேடைகளில் சில ஆண்டுகளாகக் கேட்கிறோம். ஒன்றிய அரசின் நிதிப் பங்கீடு நியாயமற்றது என்பதில் எங்களுக்கு இரண்டு கருத்து இல்லை. ஜி.எஸ்.டி. மன்றத்தில் மூன்றில் ஒரு பங்கு வாக்கை டெல்லி தன் கையில் வைத்திருக்கிறது. முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு வேண்டும். ஆகவே டெல்லி வேண்டாம் என்றால் எதுவும் நகராது. வரி போடும் உரிமையை இப்படி அடகு வைத்துவிட்டு மாநிலங்கள் கையேந்தி நிற்பதை நாமும் எதிர்க்கிறோம். 2024 செப்டம்பரில் கோவையில் ஓர் ஓட்டல் அதிபர், பன்னுக்கு வரி இல்லை, அதில் க்ரீம் வைத்தால் 18 சதவீதம் என்று நிதியமைச்சரிடம் சொல்லிவிட்டு, பிறகு அவர் மன்னிப்புக் கேட்கும் காணொலி வெளியானபோது தமிழ்நாடே கொதித்தது. நாமும் கொதித்தோம். ஆனால் அந்த வாரம் முழுக்க நடந்த விவாதம் க்ரீமைத் தாண்டவில்லை. பன்னின் மீது வசூலித்த பணம் கடைசியில் யார் வீட்டு வாசலைத் தொடுகிறது என்று ஒரு தொலைக்காட்சியும் கேட்கவில்லை.

அந்த இடத்தில்தான் நம் வழக்கு தொடங்குகிறது. டெல்லியைப் பார்த்துச் சென்னை கேட்கும் கேள்வியை, சென்னையைப் பார்த்துச் சேரி கேட்கக் கூடாதா? ஊரும் சேரியும் சேர்ந்து கட்டிய ஒரு ரூபாயில் சேரிக்கு எத்தனை பைசா வந்தது? மாநில உரிமை பேசும் நண்பர்கள் இந்தக் கேள்வி வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். 'இது ஒற்றுமையைக் குலைக்கும்' என்கிறார்கள். டெல்லிக்காரர்கள் தமிழ்நாட்டைப் பார்த்துச் சொல்வதும் அதே வாசகம்தான் என்பது அவர்களுக்கு உறைப்பதில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். ஏழை மாநிலத்துக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை நாம் எதிர்க்க முடியாது. பின்தங்கியவருக்கு அதிகம் என்பது நம்முடைய கொள்கையும்தான். பீகாருக்குப் போகும் 10 பைசா அங்குள்ள முசகர் குடியிருப்புக்குப் போகிறதா என்று கேட்பதே சரியான கேள்வி. திருச்சியிலும் அதே கேள்வி.

இந்தக் கேள்விக்கு ஏட்டளவில் ஒரு விடை இருக்கிறது. 1979–80-இல் தொடங்கிய சிறப்புக் கூறுத் திட்டம். பிறகு பட்டியல் சாதியினர் துணைத் திட்டம் என்றார்கள், இப்போது மேம்பாட்டுச் செயல்திட்டம் என்கிறார்கள். பெயர் மாறிக்கொண்டே இருந்தாலும் விதி எளிமையானது: மக்கள்தொகையில் எத்தனை சதவீதமோ, திட்ட ஒதுக்கீட்டிலும் அத்தனை சதவீதம். 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் பட்டியல் சாதியினர் 16.6 சதவீதம், தமிழ்நாட்டில் 20.01 சதவீதம். அதாவது ஐந்தில் ஒருவர்.

நடந்தது என்ன? டெல்லியில் 2010 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிக்காகத் தலித் மக்களின் துணைத் திட்ட நிதியிலிருந்து கிட்டத்தட்ட 700 கோடியைத் திருப்பிவிட்டார்கள். அன்றைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரமே நாடாளுமன்றத்தில் அது தவறு என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. கர்நாடகம் 2013-இலேயே இந்த நிதிக்குத் தனிச் சட்டம் போட்ட மாநிலம். அங்கேயே 2023–24-இல் 11 ஆயிரம் கோடிக்கும் மேல் 'உத்தரவாதத் திட்டங்கள்' பக்கம் போனது. அதே 2023-இல் தமிழ்நாட்டில் மகளிர் உரிமைத் தொகைக்காகத் துணைத் திட்டத்திலிருந்து சுமார் 1,500 கோடி எடுத்தது ஏன் என்று தேசிய பட்டியல் சாதியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. அந்தப் பணம் தலித் பெண்களுக்கும்தானே போகிறது என்றார்கள். போகட்டும், மகிழ்ச்சி. எல்லாப் பெண்களுக்கும் பொது நிதியிலிருந்து ஆயிரம் ரூபாய், தலித் பெண்ணுக்கு மட்டும் அவள் தெருவுக்கு வரவேண்டிய தண்ணீர்க் குழாயை விற்று ஆயிரம் ரூபாயா? ஒன்றிய அரசின் 2024–25 பட்ஜெட்டில் பட்டியல் சாதியினர் நலனுக்கு என்று காட்டிய தொகை சுமார் 1.65 லட்சம் கோடி. மொத்தச் செலவு 48.2 லட்சம் கோடி. மூன்றரை சதவீதத்துக்கும் கீழே. வட்டி, ராணுவம், ஓய்வூதியம் எல்லாம் கழித்துத்தான் பார்க்க வேண்டும் என்பார்கள். கழித்தே பார்ப்போம். அந்த 1.65 லட்சம் கோடிக்குள் உர மானியத்தில் ஒரு பகுதியும் எழுதப்பட்டிருக்கிறது. நிலமே இல்லாதவன் பெயரில் உரம்! இதைத்தான் நாங்கள் கணக்கு மோசடி என்கிறோம்.

தமிழ்நாடும் 2024-இல் இதற்குத் தனிச் சட்டம் நிறைவேற்றியது. நம் இயக்கங்கள் பல ஆண்டுகள் தெருவில் நின்றதன் பலன் அது. வரவேற்றோம். ஆனால் சட்டப் புத்தகத்தில் இருக்கும் 20 சதவீதம் தட்டில் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். தட்டு என்று சொன்னது உவமைக்காக அல்ல.

அரசு ஆதிதிராவிடர் விடுதியில் தங்கிப் படிக்கும் கல்லூரி மாணவருக்கு மாத உணவுக் கட்டணம் 1,500 ரூபாய். பள்ளி மாணவருக்கு 1,400. 2023-இல் உயர்த்திய பிறகுதான் இந்தத் தொகை. அதற்கு முன் 1,100, 1,000. ஒரு நாளைக்கு 50 ரூபாய், ஒரு வேளைக்கு 16 ரூபாய் 66 காசு. இப்போது அந்த ஓட்டல் ரசீதைத் திரும்ப எடுங்கள். தில்லைநகரில் நான்கு நண்பர்கள் 350 ரூபாய்க்கு டிபன் சாப்பிட்டு எழுந்தால் அதில் வரி மட்டும் 17 ரூபாய் 50 காசு. அவர்கள் சாப்பிட்டதற்கான வரியைவிட, நம் பிள்ளை ஒரு வேளை சாப்பிடுவதற்கு அரசு வைத்திருக்கும் மதிப்பு குறைவு. அரிசியைச் சலுகை விலையில் தருகிறோமே என்று அதிகாரிகள் சொல்வார்கள். குழம்புக்கு? முட்டைக்கு? தாளிக்கும் எண்ணெய்க்கு? அந்த எண்ணெயிலும் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. விடுதிப் பிள்ளையின் 50 ரூபாயிலிருந்தும் அரசு தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் மீதியைப் பரிமாறுகிறது.

ஸ்ரீரங்கத்தில் கோயில் நிர்வாகம் விற்கும் பிரசாதத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, சட்டமே விலக்கு கொடுத்திருக்கிறது. 2012 முதல் அங்கே நாள் முழுவதும் அன்னதானமும் நடக்கிறது. நடக்கட்டும், பசித்தவர் யாராக இருந்தாலும் சாப்பிடட்டும், அதில் நமக்கு வருத்தமில்லை. ஆனால் பெருமாள் சோற்றுக்கு விலக்கு கொடுக்கத் தெரிந்த அரசுக்கு, விடுதிச் சோற்றுக்கு ஒரு வேளைக்கு முப்பது ரூபாய் ஒதுக்கக் கை வராதது ஏன் என்று கேட்கத்தான் வேண்டும். 2025 ஜூலையில் இந்த விடுதிகளுக்கெல்லாம் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் மாற்றினார்கள். சாதிப் பெயர் போனது நல்லதுதான். பெயர்ப் பலகைக்குச் செலவு குறைவு, குழம்புக்குத்தான் அதிகம்.

ரசீதின் இன்னொரு கிளையையும் பின்தொடர வேண்டும். ஸ்ரீரங்கம் ஓட்டலில் வசூலாகும் ஜி.எஸ்.டி. எதுவும் திருச்சி மாநகராட்சிக்கு நேராக வராது. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு என்று மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி பிரித்துத் தருகிறார்கள். 2.50-இல் 25 பைசா. அதை ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, 25 மாநகராட்சிகள் எல்லாம் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். திருச்சிக்கு வந்து சேர்வது துளி.

ஆனால் அந்த ஓட்டலின் எச்சில் இலை, காகிதக் குவளை, எண்ணெய் படிந்த சாக்கடை முழுவதும் திருச்சி மாநகராட்சியின் வேலை. வைகுண்ட ஏகாதசிக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வரும். உத்தர வீதி, சித்திரை வீதி ஓட்டல்கள் விடிய விடிய நடக்கும். டெல்லிக்கும் சென்னைக்கும் வரி கொட்டும். மறுநாள் காலை அந்த வீதிகளைக் கூட்டுவது யார்? அம்மா மண்டபம் படித்துறையில் கிடக்கும் மிச்சம் மீதியை அள்ளுவது யார்? அள்ளியதை அரியமங்கலம் கிடங்குக்குக் கொண்டுபோவது யார்? சாதிவாரிக் கணக்கெடுப்பு தேவையில்லாமலே இந்த ஊரில் எல்லோருக்கும் விடை தெரியும். பணம் மேலே ஏறிப் போகிறது, குப்பை கீழே இறங்கி வருகிறது. மாநகராட்சிக்குப் பணம் போதவில்லை என்றதும் முதலில் வெட்டுவது தூய்மைப் பணியாளர் சம்பளத்தை. நிரந்தரப் பணியிடம் ஒப்பந்தமாகிறது, ஒப்பந்தம் தனியார் நிறுவனத்தின் கைக்குப் போகிறது. கழிவுநீர்த் தொட்டியிலும் சாக்கடையிலும் இறங்கி இறந்தவர்கள் எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம் என்பது ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் தந்த கணக்கு. இறந்தால் 30 லட்சம் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இறக்காமல் இருக்க இயந்திரம் வாங்கும் பணத்துக்கு எந்த நீதிமன்றம் போவது?

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன் தூய்மைப் பணியாளர்கள் பதின்மூன்று நாள் உட்கார்ந்தார்கள். எங்கள் வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே என்பதுதான் கோரிக்கை. 13-ஆம் தேதி நள்ளிரவில் போலீஸை விட்டு அப்புறப்படுத்தினார்கள். மறுநாள் அமைச்சரவை கூடி அவர்களுக்கு இலவசக் காலை உணவு என்று அறிவித்தது. வேலை கேட்டவருக்கு இட்லி. நாம் சோற்றை அவமதிக்கவில்லை, பசி என்னவென்று நமக்குத் தெரியும். ஆனால் தன் சம்பளத்தில் ஓட்டலில் உட்கார்ந்து, தன் காசுக்கு, ஜி.எஸ்.டி.யும் சேர்த்துக் கட்டிச் சாப்பிடும் நிலைக்கு ஒரு மனிதர் வருவதைத்தான் சுயமரியாதை என்கிறோம்.

வரிப் பணமெல்லாம் ஒரே தொகுப்பு நிதியில் கலக்கிறது, தோசை வரியை இதற்கு, காபி வரியை அதற்கு என்று பிரிக்க முடியாது என்று பொருளாதாரம் படித்த நண்பர் யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். விருப்பம் இருந்தால் முடியும். கல்விக்கு என்று செஸ் வசூலிக்கிறார்கள். மாநிலங்களுக்கு இழப்பீடு கொடுக்க என்று ஜி.எஸ்.டி.யிலேயே தனி செஸ் போட்டார்கள். வெளிநாட்டிலும் பார்க்கலாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஓட்டல் சாப்பாட்டின் மீது 0.75 சதவீதம் உள்ளூர் வரி போட்டு அந்த நகரமே வைத்துக்கொள்ளலாம். வர்ஜீனியாவின் ரிச்மண்ட், ஒரு காலத்தில் அடிமை முறைக்காகப் போர் நடத்திய தென் மாநிலங்களின் தலைநகர். அங்கே 2018-இல் ஓட்டல் சாப்பாட்டு வரியை 6-லிருந்து 7.5 சதவீதமாக உயர்த்தி, அந்த ஒன்றரை சதவீதத்தைப் பள்ளிக் கட்டடம் கட்டவே ஒதுக்கினார்கள். அந்தப் பள்ளிகளில் படிப்பவர்களில் பெரும்பாலோர் கறுப்பினக் குழந்தைகள். வரியை உயர்த்து என்று நாங்கள் கேட்கவில்லை, ஏழைக்கு அது இன்னும் சுமை. இருக்கும் வரியில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கணக்குக் காட்டு என்கிறோம். தமிழ்நாட்டின் கையில் தங்கும் 2 ரூபாய் 54 காசில் 20 சதவீதம் 50 காசு. ஒவ்வொரு நூறு ரூபாய் சாப்பாட்டிலும் 50 காசு. அது எங்கே?

நிதி, வரி, பட்ஜெட் எல்லாம் நமக்கான பாடம் இல்லை, நாம் இலக்கியமும் வரலாறும் பேசினால் போதும் என்று ஓர் எண்ணம் நம் மாணவர்களிடம் இருக்கிறது. அண்ணல் அம்பேத்கர் 1925-இல் வெளியிட்ட ஆய்வு நூல், பிரிட்டிஷ் இந்தியாவில் மத்திய அரசுக்கும் மாகாணங்களுக்கும் இடையே வருவாய் எப்படிப் பிரிந்தது என்பதைப் பற்றியது. சாதியைப் பற்றி எழுதிய அதே கைதான் வரிப் பங்கீட்டையும் எழுதியது.

ஆகவே வேலைக்கு வருவோம். தமிழ்நாடு பட்ஜெட்டில் மானியக் கோரிக்கை எண் 4 ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத்துறையுடையது. கொள்கை விளக்கக் குறிப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலேயே இருக்கிறது. திருச்சியில் படிக்கும் தோழர்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை படியுங்கள். பிறகு 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள். மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்திடம் விடுதி வாரியாகக் கேளுங்கள்: எத்தனை மாணவர், உணவுக் கட்டணம் எந்தத் தேதியில் விடுவிக்கப்பட்டது, எவ்வளவு செலவாகாமல் திரும்பியது. மாநகராட்சியிடம் கேளுங்கள்: மாநில நிதி ஆணைய மானியமாகக் கடந்த மூன்று ஆண்டில் வந்தது எவ்வளவு, அதில் பட்டியல் சாதியினர் குடியிருப்புகளில் செலவானது எவ்வளவு, எந்த வார்டில், எந்த வேலைக்கு. 65 வார்டுகளுக்கும் கேளுங்கள், ஸ்ரீரங்கத்தை விட்டுவிடாதீர்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். 'தகவல் தொகுக்கப்படவில்லை' என்று வந்தால் அதையும் பத்திரமாக வையுங்கள், மேல்முறையீட்டுக்கு அதுதான் சான்று. வந்த பதில்களை எங்களுக்கு அனுப்புங்கள். பெயர், முகவரியை மறைத்துவிட்டு வார்டு வாரியாக இங்கேயே வெளியிடுகிறோம்.